இளைப்பாறி ஓடி உலகை வென்ற எமில் சாட்டோபெக்

(இளங்கலை வரலாறு, மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவர்)

திருவள்ளுவப் பெருந்தகை பொருட்பாலில் ஊக்கமுடைமை, மடியின்மை, ஆள்வினையுடைமை, இடுக்கணழியாமை என நான்கு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்துள்ளார். முதலில் உள்ளத்தில் எழுச்சி வேண்டும். அடுத்துச் சோம்பல் நீங்க வேண்டும். அதன்பின் உழைப்பு வேண்டும். இறுதியில் துன்பம் வந்துற்றபோது கலங்காத நெஞ்சம் வேண்டும். இந்நான்கு படிகளிலும் ஏறிக் காட்டிய ஒருவரை இக்கல்லூரி மலரின் வாயிலாக நண்பர்களுக்கு அறிமுகம் செய்ய விரும்புகிறேன். அவர் முடிசூடிய மன்னர் அல்லர்; நூல் பல எழுதிய அறிஞரும் அல்லர். செருப்பு ஆலையில் வேலை பார்த்த ஓர் ஏழைத் தொழிலாளி. எமில் சாட்டோபெக் என்பது அவர் பெயர்.

நெடுந்தூர ஓட்டக்காரர் ஒருவரின் வாழ்வு காவிரிக் கரையில் வாழும் நமக்கு எதற்கு என்று சிலர் கேட்கலாம். விடியற்காலையில் நம் ஊர்த் திடல்களையும் புது ஆற்றங்கரையையும் பாருங்கள். ஒரு பக்கம் காவலர் தேர்வுக்காக ஓடிப் பழகும் இளைஞர் கூட்டம். மறுபக்கம் சர்க்கரை நோய்க்காகவும் இரத்த அழுத்தத்திற்காகவும் நடக்கும் பெரியவர் கூட்டம். இரு சாராரின் கேள்வியும் ஒன்றே: கிடைக்கும் சிறிது நேரத்தில் உடம்பில் தெம்பை வளர்ப்பது எப்படி? இன்று மருத்துவ உலகம் இதற்கு விடையாக இடைவேளைப் பயிற்சி என்ற ஒன்றைச் சொல்கிறது. சிறிது நேரம் மிக விரைவாக இயங்குதல், சிறிது நேரம் இளைப்பாறுதல், மீண்டும் விரைதல், மீண்டும் இளைப்பாறுதல் என்பதே அம்முறை. திரைப்பட இடைவேளை படத்தை நிறுத்தும். இந்த இடைவேளையோ பயிற்சியின் ஒரு பாதி. அதன் வலிமையை உலகறியச் செய்தவர் சாட்டோபெக். ஆதலால்தான் அவர் வரலாறு நமக்கும் உரியதாகிறது.

பாட்டா ஆலைச் சிறுவன்

பாட்டா செருப்பை அறியாத தமிழர் உண்டோ? கல்கத்தாவுக்கு அருகே பாட்டாநகர் என ஓர் ஊரே இருப்பதால், அதை நம் நாட்டு நிறுவனம் என்றே பலரும் கருதுகின்றனர். உண்மையில் அது இன்றைய செக் குடியரசின் ஸ்லின் நகரில் பிறந்த நிறுவனம். அந்த ஸ்லின் நகரத்து ஆலையில்தான் நம் வரலாற்று நாயகர் தம் வாழ்வைத் தொடங்கினார்.

சாட்டோபெக் 1922ஆம் ஆண்டு செப்டம்பர் 19ஆம் நாள், மொராவியப் பகுதியின் கோப்ரிவ்னிட்சே என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தையார் தச்சுத் தொழிலாளி. பிள்ளைகள் பலர், வருவாய் சிறிது. மேற்படிப்புக்கு வழியின்றிப் பதினாறு வயதளவில் எமில் ஸ்லின் நகருக்குச் சென்று ஆலையில் சேர்ந்தார். அடுத்த ஆண்டே, 1939 மார்ச்சில், இட்லரின் படைகள் அந்நாட்டைக் கைப்பற்றின. அடிமை நாட்டில், அடைபட்ட ஆலையில், தூசும் இரைச்சலும் சூழ அவருடைய இளமை கழிந்தது.

அவருக்கு ஓட்டத்தில் நாட்டமே இருந்ததில்லை. 1941ஆம் ஆண்டு ஆலையின் சார்பில் ஓர் ஓட்டப் பந்தயம் நடந்தது. விளையாட்டுப் பொறுப்பாளர் கண்டிப்பானவர். சில இளைஞர்களைச் சுட்டிக்காட்டி ஓடும்படி ஆணையிட்டார். அவர்களுள் எமிலும் ஒருவர். தாம் வலுவற்றவர் என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தார். மருத்துவரிடம் அனுப்பினர், மருத்துவரோ உடம்பில் குறையேதும் இல்லை என்று கூறிவிட்டார். வேறு வழியின்றி ஓடினார். ஓடத் தொடங்கிய பின்னரோ வெல்ல வேண்டும் என்ற வேட்கை பிறந்துவிட்டது. நூறு பேர் ஓடிய அப்பந்தயத்தில் இரண்டாவதாக வந்தார். தம்மால் இயலாது என்று நம்பியிருந்த ஒருவர், தம் உடம்பைத் தாமே அறிந்துகொண்ட நாள் அது. அப்போது அவருக்கு வயது பதினெட்டு. நம் வகுப்பறைகளில் இருப்போரின் வயதே அது.

ஓட்டத்தைத் துண்டு போட்டவர்

அதன்பின் ஸ்லின் நகர விளையாட்டுக் கழகத்தில் சேர்ந்தார். யான் அலூசா என்ற ஓட்டக்காரர் அவருக்குத் தொடக்கத்தில் வழி காட்டினார். பின்லாந்து நாட்டின் புகழ்மிக்க ஓட்டக்காரர் பாவோ நூர்மியைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் எமில் தேடிப் படித்தார். படித்ததை அப்படியே பின்பற்றாமல், தாமே சிந்திக்கத் தொடங்கினார் என்பதுதான் சிறப்பு.

அக்காலத்து நெடுந்தூர ஓட்டக்காரர் பலர், நெடுந்தூரத்தை ஒரே சீரான வேகத்தில் ஓடிப் பழகுவதையே முதன்மையாகக் கொண்டனர். சாட்டோபெக்கின் எண்ணம் வேறாக இருந்தது. மெதுவாக ஓடுவது எப்படி என்பது தமக்கு முன்பே தெரியும். கற்க வேண்டியது விரைவாக ஓடுவதே என அவர் கருதினார். ஆனால் விரைவை நெடுநேரம் தாங்க முடியாதே! என்ன செய்வது? தூரத்தைத் துண்டு துண்டாக வெட்டினார். ஒரு துண்டை விரைவாக ஓடுவது, மூச்சு வாங்கியதும் மெல்லோட்டமாகச் சிறிது தூரம் செல்வது, மறுபடியும் விரைவது. நெடுந்தூர ஓட்டக்காரனுக்குக் குறுந்தூரப் பாய்ச்சல் எதற்கு என்று பலர் நகைத்தனர். நூறு மீட்டரை ஒருமுறை ஓடினால்தான் அது குறுந்தூரம். இருபது முறை ஓடினால் அதுவே இரண்டு கிலோமீட்டர் அன்றோ என்பது அவருடைய கணக்கு.

அவருடைய ஒரு நாள் பயிற்சியைக் கேட்டால் வியப்பு மேலிடும். 200 மீட்டர் ஐந்து முறை. அடுத்து 400 மீட்டர் இருபது முறை. மீண்டும் 200 மீட்டர் ஐந்து முறை. ஒவ்வொன்றுக்கும் இடையில் 200 மீட்டர் மெல்லோட்டம். பிற்காலத்தில் 400 மீட்டரை ஒரே நாளில் நாற்பது முறையும் அதற்கு மேலும் ஓடியிருக்கிறார். 1945இல் போர் முடிந்ததும் இராணுவத்தில் சேர்ந்தார். அங்கும் பயிற்சி நிற்கவில்லை. கனத்த இராணுவக் காலணியோடு, பனிமூடிய காட்டுப் பாதையில், இருட்டிய பின்னும் ஓடினார். குளிர்காலத்தில் குளியல் தொட்டியில் துணிகளை ஊறவைத்து, அவற்றின் மேல் நின்ற இடத்திலேயே ஓடித் துவைத்தார் என்றும் சொல்வர். சாலையோர மரங்களைக் கணக்கு வைத்து மூச்சை அடக்கி நடந்து, நாளுக்கு ஒரு மரமாகக் கூட்டிக்கொண்டே போய், ஒருநாள் மயங்கி விழுந்தார் என்ற கதையும் உண்டு. இது நாம் பின்பற்றத்தக்கது அன்று. அவருடைய ஆர்வத்தின் அளவைக் காட்டும் செய்தி, அவ்வளவே.

இம்முறையை அவர் ஒருவரே கண்டுபிடித்தார் என்று சொல்வது வரலாற்றுக்கு மாறாகும். நூர்மியின் பயிற்சியிலும் விரைவோட்டத் துண்டுகள் உண்டு. ஜெர்மனியில் உல்டேமர் கெர்ஷ்லர் என்ற பயிற்சியாளரும், ஹான்ஸ் ரைண்டல் என்ற இதய மருத்துவரும் சேர்ந்து நாடித்துடிப்பை அளந்து இதை ஓர் ஒழுங்குக்குக் கொண்டுவந்தனர். நாடி நிமிடத்திற்கு 180 வரை உயரும்படி ஓடவேண்டும்; 120 அளவுக்குத் தணிந்ததும் மீண்டும் ஓடவேண்டும்; இதயம் வலுப்பெறுவது அந்த இளைப்பாறும் நேரத்தில்தான் என்பது அவர்கள் கொள்கை. கெர்ஷ்லரிடம் பயின்ற ருடால்ஃப் ஹார்பிக் 1939இல் 800 மீட்டரை 1 நிமிடம் 46.6 வினாடியில் ஓடி உலகச் சாதனை செய்தார். 1944இல் போர்முனையில் மாண்டார். எனினும் ஆய்வுக்கூடமும் மருத்துவரும் இல்லாமல், தம் உடம்பையே ஆய்வுக்கூடமாகக் கொண்டு, நெடுந்தூர ஓட்டத்தின் உச்சிவரை இம்முறையை எடுத்துச் சென்றவர் சாட்டோபெக்கே ஆவார்.

இதைப் படித்தபோது எனக்கு நம் வயற்காடு நினைவுக்கு வந்தது. குடமுருட்டிக் கரையிலுள்ள எங்கள் சிற்றூரில், அறுவடைக் காலத்தில் கதிர்க்கட்டைத் தலையில் ஏற்றிக்கொண்டு வரப்பின்மேல் ஓட்டமும் நடையுமாகக் களத்துமேட்டுக்குப் போவார்கள். கட்டைப் போட்டுவிட்டு வெறுங்கையோடு மெல்லத் திரும்புவார்கள். மறுபடியும் கட்டு, மறுபடியும் விரைவு. திரும்பி வரும் அந்த வெறுங்கை நடை இல்லையேல் அடுத்த கட்டைத் தூக்க முடியாது. நடவுக்கு நாற்றுமுடி சுமப்பதும் அப்படித்தான். ஏற்றம் இறைத்த காலத்தில் ஆள் மாற்றி ஆள் மிதித்ததும் அப்படித்தான். பெயர் தெரியாமலே நம் பாட்டன்மார் இடைவேளைப் பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள் எனலாம்.

இலண்டனும் ஹெல்சிங்கியும்

1944இல் 2000, 3000, 5000 மீட்டர் ஓட்டங்களில் சாட்டோபெக் தம் நாட்டுச் சாதனைகளை முறியடித்தார். 1946இல் ஆஸ்லோவில் நடந்த ஐரோப்பியப் போட்டியில் 5000 மீட்டரில் ஐந்தாவதாக வந்தார். மனம் தளரவில்லை. 1948இல் இலண்டன் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டரை 29 நிமிடம் 59.6 வினாடியில் ஓடித் தங்கம் வென்றார். இரண்டாவதாக வந்தவர் ஏறத்தாழ 48 வினாடி பின்தங்கியிருந்தார். 5000 மீட்டரில் பெல்ஜியத்தின் காஸ்டன் ரைஃபிடம் 0.2 வினாடியில் தங்கத்தை இழந்து வெள்ளி பெற்றார். அதே ஆண்டில் ஈட்டி எறியும் வீராங்கனை டானாவை மணந்தார். இருவரும் ஒரே ஆண்டில் ஒரே நாளில் பிறந்தவர்கள் என்பது வியப்பான செய்தி.

அவர் ஓடும் அழகைப் பார்த்தவர்கள் முகம் சுளித்தனர். தலை ஒரு பக்கம் சாயும். நாக்கு வெளியே தள்ளும். முகத்தில் வேதனை தாண்டவமாடும். மூச்சு இரயில் எஞ்சின்போல் இரையும். செக் நாட்டு இரயில் எஞ்சின் என்றே அவருக்குப் பட்டப்பெயர் அமைந்தது. அழகாக ஓடுவது பற்றி அவர் கவலைப்படவில்லை. 1951இல் ஒரு மணி நேரத்தில் 20 கிலோமீட்டருக்கு மேல் ஓடிய முதல் மனிதர் என்ற பெருமையைப் பெற்றார்.

1952ஆம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக் வந்தது. நம் நாட்டின் கே. டி. ஜாதவ் மல்யுத்தத்தில் வெண்கலம் வென்று, விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் பதக்கத்தைக் கொணர்ந்த ஒலிம்பிக் அது. புறப்படும் முன்பே சாட்டோபெக்கிற்கு ஒரு சோதனை நேர்ந்தது. ஸ்டானிஸ்லாவ் யுங்விர்ட் என்ற இளம் ஓட்டக்காரரின் தந்தை அரசியல் கைதி. அதனால் மகனுக்கு வெளிநாடு செல்ல அனுமதி மறுக்கப்பட்டது. அவர் வராவிட்டால் தாமும் வருவதில்லை என்று சாட்டோபெக் விமானத்தில் ஏற மறுத்தார். அன்றைய அந்நாட்டு ஆட்சியில் இது சிறைக்கு வழி வகுக்கும் செயல். இறுதியில் அரசு இறங்கி வந்தது, இருவரும் சென்றனர். பதக்கம் பெறும் முன்பே அவர் பெற்ற வெற்றி இது என்பேன்.

ஜூலை 20ஆம் நாள் 10,000 மீட்டரில் தங்கம். 24ஆம் நாள் 5000 மீட்டர் இறுதிப் போட்டி. கடைசிச் சுற்றில் நால்வர் முன்னணியில் இருந்தனர். நெருக்கடியான கட்டத்தில் சாட்டோபெக் நான்காம் இடத்திற்குத் தள்ளப்பட்டார். இறுதி வளைவில் அவர் பாய்ந்த பாய்ச்சலை இன்றும் படச்சுருளில் காணலாம். இங்கிலாந்தின் சாட்டவே ஓரக்கட்டையில் கால் இடறி விழுந்தார். பிரான்சின் மிமோனும் ஜெர்மனியின் ஷாடேயும் பின்தங்கினர். நாநூறு மீட்டரை ஆயிரக்கணக்கான முறை விரைவாக ஓடிப் பழகிய கால்கள், நான்கு கிலோமீட்டருக்கு மேல் ஓடிக் களைத்த பின்னும் பாயும் வலிமையைத் தேக்கி வைத்திருந்தன. அதே நாளில் டானாவும் ஈட்டி எறிதலில் தங்கம் வென்றார். கணவனும் மனைவியும் ஒரே நாளில் தங்கம் பெற்ற காட்சி காண்பதற்கரியது.

அத்துடன் அவர் நிறுத்தவில்லை. 27ஆம் நாள் மாரத்தான் ஓட்டத்திலும் இறங்கினார். தஞ்சையிலிருந்து குடந்தைக்குள்ள தூரத்தைவிடச் சற்று அதிகமான, 42 கிலோமீட்டருக்கு மேற்பட்ட அவ்வோட்டத்தை அவர் அதற்கு முன் ஒருமுறைகூடப் போட்டியில் ஓடியதில்லை. அவ்வோட்டத்தில் உலகின் சிறந்த நேரத்தைத் தம் பெயரில் வைத்திருந்த இங்கிலாந்தின் ஜிம் பீட்டர்சுடன் சேர்ந்து ஓடினார். பாதி வழிக்கு முன்பு, இந்த வேகம் மிகுதியோ என்று பணிவோடு அவரிடம் கேட்டார். பீட்டர்ஸ், வேகம் போதாது என்று வேண்டுமென்றே சொல்லிவைத்தார். அதை மெய்யென்று கொண்டு சாட்டோபெக் வேகத்தைக் கூட்டினார்! பீட்டர்ஸ் வழியிலேயே ஓட்டத்தைக் கைவிட்டார். சாட்டோபெக் 2 மணி 23 நிமிடம் 3.2 வினாடியில் திடலுக்குள் நுழைந்தார். மூன்றும் ஒலிம்பிக் சாதனைகள். ஒரே ஒலிம்பிக்கில் 5000, 10,000, மாரத்தான் ஆகிய மூன்றையும் வென்றவர் அவருக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. ஜமைக்கா நாட்டுத் தொடரோட்ட வீரர்கள் அவரைத் தோளில் தூக்கிக் கொண்டாடினர்.

1954இல் 5000 மீட்டரில் ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் நிலைத்திருந்த சாதனையைத் தகர்த்தார். இரண்டே நாள் கழித்து 10,000 மீட்டரை 28 நிமிடம் 54.2 வினாடியில் ஓடி, 29 நிமிடத்திற்குள் அதை முடித்த முதல் மனிதரானார். இருபத்தைந்து சுற்றுகள், ஒவ்வொரு சுற்றும் சராசரியாக 70 வினாடிக்கும் குறைவு. அவர் நிகழ்த்திய உலகச் சாதனைகள் மொத்தம் பதினெட்டு.

தாழ்வும் தளராமையும்

எல்லை மீறிய உழைப்பு அவரையும் விடவில்லை. மனைவியைத் தோளில் சுமந்து ஓடிப் பழகியவர் அவர். 1956இல் குடலிறக்கத்திற்கு அறுவை சிகிச்சை செய்துகொள்ள நேர்ந்தது. அந்த உடம்போடு மெல்போர்ன் மாரத்தானில் ஓடி ஆறாவதாக வந்தார். முதலில் வந்தவர், பல ஆண்டுகள் அவருக்குப் பின்னாலேயே இரண்டாவதாக வந்துகொண்டிருந்த பழைய நண்பர் மிமோன். அவரை நெஞ்சாரத் தழுவி வாழ்த்தினார் சாட்டோபெக்.

1966இல் ஆஸ்திரேலிய ஓட்டக்காரர் ரான் கிளார்க் பிராகு நகருக்கு வந்திருந்தார். உலகச் சாதனைகள் பல படைத்தும் ஒலிம்பிக் தங்கம் மட்டும் கிளார்க்கிற்கு வாய்க்கவில்லை. அவர் விடைபெறும்போது சாட்டோபெக் ஒரு சிறு பொட்டலத்தைக் கையில் கொடுத்தார். பின்னர்ப் பிரித்துப் பார்த்தால் உள்ளே இருந்தது ஹெல்சிங்கியில் வென்ற தங்கப் பதக்கம்! முல்லைக்குத் தேர் ஈந்த பாரியை நாம் அறிவோம். பதக்கத்தைத் தகுதியுடைய தோழனுக்கு ஈந்த இவ்வள்ளலையும் அறிந்துகொள்வோம்.

1968இல் செக்கோஸ்லோவாகியாவில் சீர்திருத்தக் காற்று வீசியது. சாட்டோபெக் அதன் பக்கம் நின்றார். ஆகஸ்ட் மாதம் சோவியத் தலைமையிலான படைகள் நாட்டுக்குள் புகுந்தபோது வெளிப்படையாக எதிர்த்தார். விளைவு என்ன? கட்சியிலிருந்து நீக்கப்பட்டார், இராணுவப் பதவி பறிபோனது. உலகமே கொண்டாடிய வீரர், நிலத்தைத் துளையிட்டு நீரும் கனிமமும் தேடும் குழுவில் உடலுழைப்புத் தொழிலாளியாக, வீட்டை விட்டுத் தொலைவில் பல ஆண்டுகள் வாழ்ந்தார். நெருக்குதல் தாங்காது பின்னர்த் தம் கருத்துகளை விலக்கிக்கொண்டதாகவும் அறிக்கை விட்டார். அதற்காக அவரைக் கடிந்தவர்களும் உண்டு. ஓட்டத்தில் இரும்பாக நின்றவரையும் அதிகாரம் வளைத்தது என்பதை மறைக்காமல் சொல்வதே வரலாற்று மாணவனின் கடமை. 1990இல், ஆட்சி மாறிய பின், அவர் இழந்த மதிப்பு அவருக்கு மீட்டளிக்கப்பட்டது. 2000ஆம் ஆண்டு நவம்பர் மாதம், எழுபத்தெட்டாம் வயதில் பிராகு நகரில் இயற்கை எய்தினார். டானா அம்மையார் 2020 வரை வாழ்ந்தார்.

அவர் வழியில் வளர்ந்த அறிவியல்

சாட்டோபெக்கின் காலத்திலேயே இம்முறை உலகெங்கும் பரவியது. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் முதற்சுற்றிலேயே தோற்ற நம் மில்கா சிங், 400 மீட்டரில் தங்கம் வென்ற அமெரிக்கர் சார்லஸ் ஜென்கின்சிடம் அவருடைய பயிற்சி முறையைக் கேட்டறிந்து வந்து உழைத்தார். இரண்டே ஆண்டில் கார்டிஃப் நகரில் தங்கம் வென்றார். நமக்கு அடுத்துள்ள புதுக்கோட்டையைச் சேர்ந்த கோ. லட்சுமணன், 2017இல் புவனேசுவரத்தில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 5000, 10,000 மீட்டர் ஓட்டங்கள் இரண்டிலும் தங்கம் வென்றார் என்பது நமக்கெல்லாம் பெருமை.

பின்னர் இம்முறை திடலைவிட்டு மருத்துவமனைக்கும் வந்தது. 1996இல் ஜப்பானின் இசுமி தபாட்டா வெளியிட்ட ஆய்வில், 20 வினாடி கடும் உழைப்பு, 10 வினாடி ஓய்வு என ஏழெட்டு முறை மிதிவண்டிக் கருவியை மிதித்தவர்கள், ஒரு மணி நேரம் சீராக மிதித்தவர்களுக்கு இணையாக மூச்சுத் திறன் பெற்றனர். 2016இல் கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் கிபாலா குழுவினர், பத்து நிமிடப் பயிற்சியில் 20 வினாடிப் பாய்ச்சல் மூன்றே முறை செய்தவர்களையும், 45 நிமிடம் மிதமாக மிதித்தவர்களையும் பன்னிரண்டு வாரம் ஒப்பிட்டனர். இரு சாராரின் மூச்சுத் திறனும் ஏறத்தாழ ஒரே அளவில், 19 விழுக்காடு, உயர்ந்தது.

காரணம் யாது? விரைவாக இயங்கும்போது இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் மிகுந்த குருதியை வெளியேற்றப் பழகுகிறது. தசைச் செல்களில் ஆற்றல் ஆக்கும் நுண்ணுறுப்புகளான மைட்டோகாண்டிரியாக்கள் பெருகுகின்றன. உழைத்த தசை குருதியிலுள்ள சர்க்கரையை ஈர்த்துக்கொள்கிறது. இன்சுலின் நன்கு வேலை செய்கிறது. இடையில் ஓய்வு கிடைப்பதால், ஒரே மூச்சில் தாங்க முடியாத வேகத்தைத் துண்டு துண்டாகத் தாங்க முடிகிறது.

இது நமக்கு ஏன் இன்றியமையாதது? 2023இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நம் நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய் உள்ளதென மதிப்பிட்டது. கதிர்க்கட்டு சுமந்த காலம் போய், அறுவடை இயந்திரம் வயலில் இறங்கிவிட்டது. அது நன்மையே, முதுகொடிய உழைத்தவர்களுக்கு விடுதலையே. ஆனால் மூன்று வேளைச் சோறு அப்படியே இருக்க, அதைச் செரிக்கச் செய்த உழைப்பு மட்டும் போய்விட்டதே! எங்கள் தெருவில் வரப்பில் ஓடிய கால்கள் பல இன்று திண்ணையில் வீங்கிக் கிடப்பதைக் காண்கிறேன்.

தொடங்குவது எப்படி?

சாட்டோபெக்கைப்போல் நாற்பது சுற்று ஓட வேண்டியதில்லை. அவர் முறையை எடுத்துக்கொண்டு, அளவை நம் உடம்புக்கேற்பக் குறைத்துக்கொள்வதே அறிவுடைமை.

பெரியவர்களுக்கும் புதியவர்களுக்கும் நடையே போதும். ஜப்பானின் மட்சுமோட்டோ நகரில் நோசே என்ற பேராசிரியரின் குழு, நடுவயதினரையும் முதியோரையும் மூன்று நிமிடம் விரைந்து நடந்து, மூன்று நிமிடம் மெல்ல நடக்கச் செய்தது. இவ்வாறு ஐந்து முறை. வாரத்தில் நான்கு நாள். ஐந்து மாதத்தில் தொடை வலிமையும் மூச்சுத் திறனும் கூடின. இரத்த அழுத்தமும் தணிந்தது. விரைவு என்பதற்கு எளிய அளவுகோல் உண்டு: ஓரிரு சொல் பேச முடிய வேண்டும், கதை பேச முடியக் கூடாது.

இளைஞர்கள் சாலையோர மின்கம்பங்களைத் துணையாகக் கொள்ளலாம். ஒரு கம்ப இடைவெளி ஓட்டம். இரண்டு கம்ப இடைவெளி நடை. எட்டு முறையில் தொடங்கி, இரண்டு வாரத்தில் பன்னிரண்டாக்கலாம். அதன்பின் திடலில் 200 மீட்டர் விரைவோட்டம், 200 மீட்டர் நடை என ஆறு முறை. பின்னர் 400 மீட்டர் நான்கு முறை.

காவலர் தேர்வுக்கு உழைக்கும் நண்பர்களுக்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். 1500 மீட்டரை 7 நிமிடத்தில் கடக்க, 400 மீட்டர்ச் சுற்று ஒன்றுக்கு 1 நிமிடம் 52 வினாடி ஆகலாம். எனவே ஒரு சுற்றை 1 நிமிடம் 45 வினாடியில் ஓடி, இரண்டு நிமிடம் நடந்து, மீண்டும் ஓடிப் பழகுங்கள். நான்கில் தொடங்கி ஆறுக்கு உயருங்கள். தேர்வு நாளில் 1 நிமிடம் 52 வினாடி எளிதாகத் தோன்றும். நாள்தோறும் 1500 மீட்டரை முழுமூச்சில் ஓடிக் கெண்டைக்கால் வலியோடு படுத்துவிடும் நண்பர்கள் இதைச் சிந்திக்க வேண்டும்.

சில எச்சரிக்கைகளும் உண்டு. பத்து நிமிடம் மெல்ல நடந்தும் மெல்ல ஓடியும் உடம்பைச் சூடேற்றாமல் விரையக் கூடாது. கடும் பயிற்சி வாரத்தில் இரண்டு மூன்று நாள் போதும். அடுத்தடுத்த நாள்களில் வேண்டா. மற்ற நாள்களில் மிதமான நடை இருக்கட்டும். கத்திரி வெயிலில் விடியலே உகந்த வேளை. நாற்பது கடந்தவர்களும், சர்க்கரை, அழுத்தம், நெஞ்சுவலி உள்ளவர்களும் முதலில் மருத்துவரைக் காண வேண்டும். மார்பில் வலியோ தலைச்சுற்றலோ வந்தால் உடனே நிறுத்த வேண்டும். மரம் எண்ணி மூச்சடக்கி மயங்கி விழுந்தது சாட்டோபெக்கோடு போகட்டும்!

முடிவுரை

வலுவற்றவன் என்று தம்மையே எண்ணிக்கொண்ட ஓர் ஆலைத் தொழிலாளி, உலகின் வலுமிக்க ஓட்டக்காரரானார். விலையுயர்ந்த கருவியோ, பெருஞ்செல்வமோ அவரிடம் இல்லை. பெரிய சுமையைச் சிறு கட்டுகளாகக் கட்டிச் சுமக்கலாம் என்ற அறிவும், கட்டுக்குக் கட்டு இளைப்பாறும் பொறுமையும், மறுபடியும் எழும் ஊக்கமுமே அவர் முதல். ஓட்டத்திற்கு மட்டுமன்று, படிப்புக்கும் வாழ்வுக்கும் இது பொருந்தும். தோற்ற தேர்வும் கிடைக்காத வேலையும் ஓர் இடைவேளையே. அங்கு நாடி தணியட்டும். பிறகு அடுத்த சுற்று காத்திருக்கிறது.

நமக்கோ கல்லணையிலிருந்து கடல்முகம் வரை ஆற்றங்கரைகள் நீண்டு கிடக்கின்றன. அவற்றில் ஓடுவதற்குக் கட்டணம் இல்லை. நாளை விடியலில் ஒரு கம்பம் ஓடுவோம்; இரண்டு கம்பம் நடப்போம்; மீண்டும் ஓடுவோம். நம் தந்தையரையும் தாயரையும் கைப்பிடித்து மூன்று நிமிடம் விரைந்து நடக்கச் செய்வோம். உடல் வளர்ப்போம், உயிர் காப்போம்!